மண்டோர் கை நீட்டினால் வீட்டில் உட்காராதீர்கள்

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். போன வாரம் காய்க்குலைக் கணக்கில் மண்டோரோடு (எங்கள் வேலையை மேற்பார்க்கும் கங்காணி) வாய்த்தகராறு. பெரட்டில் (வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) எல்லார் முன்னாலும் என்னை அறைந்துவிட்டார். உதட்டில் மூன்று தையல். மேனேஜரோ, "ஒரே கோயில்காரர்கள்தானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அவமானத்தில் நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை. இப்போது விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. வேலை போய்விடுமா?

பதில்: அறையைவிட அந்தக் கடிதம்தான் எனக்குக் கவலை. 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, முன் அனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். நியாயமான காரணம் இருந்து, அதை உடனுக்குடன் முதலாளிக்குத் தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால் தப்பலாம். காரணம் உங்களிடம் இருக்கிறது. சொன்னீர்களா என்பதுதான் கேள்வி. கிராணிக்கு (தோட்டத்து எழுத்தருக்கு) ஒரு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தாலும் அதை அழித்துவிடாதீர்கள். டாக்டர் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) கொடுத்திருந்தால் அதன் நகலையும் இணையுங்கள்.

அடுத்து போலீஸ் புகார். வேண்டுமென்றே காயம் விளைவிப்பது குற்றவியல் சட்டத்தின் 323-வது பிரிவில் வரும்: ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது என்பதால், நிலையத்தில் கொஞ்சம் அலட்சியமாகப் பேசக்கூடும். சளைக்காமல் புகார் நகலை வாங்கிவிடுங்கள். தையல் போட்ட காகிதமும் பத்திரம். வேலையால் வந்த காயம் என்று சொக்சோவிலும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இழப்பீடு கோரலாம்.

மேனேஜர் சொன்ன கோயில் கதைக்கு வருகிறேன். சமாதானம் நல்லதுதான், ஆனால் அதைப் பேசி முடித்துவிட்டால் அவருடைய கடமை தீர்ந்துவிடாது. 1994 தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-வது பிரிவு, வேலையாளின் பாதுகாப்பை முதலாளி தலையில் வைக்கிறது. 2024 ஜூன் 1 முதல் மீறினால் அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகும். அபாயங்களை முன்கூட்டியே மதிப்பிடுவதும் இப்போது கட்டாயம். பாதுகாப்புக் குறைபாட்டைப் புகார் செய்தவரை அதற்காகப் பழிவாங்கக் கூடாது என்று 27-வது பிரிவு சொல்கிறது.

கையில் அரிவாள் உள்ள ஆட்களிடம், களைத்துப்போன நேரத்தில், பத்துப் பேர் பார்க்கக் காய்க்குலையை எண்ணிச் சம்பளத்தைப் பற்றிப் பேசினால் சண்டை வராமல் என்ன செய்யும்? எண்ணிக்கையைத் துண்டுச்சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடட்டும். தகராறு வந்தால் ஆபீசில், இன்னொருவர் முன்னிலையில் பேசட்டும். விசாரணை முடியும்வரை உங்களை வேறு மண்டோரிடம் மாற்றும்படி கேளுங்கள். உலகத் தொழிலாளர் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து தொழிலாளரில் ஒருவருக்கும் மேல் வேலையிடத்தில் வன்முறையையோ தொல்லையையோ அனுபவித்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அது ஒரு தடவையோடு நிற்கவில்லை. யாரிடமாவது வாய் திறந்து சொன்னவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான்.

வன்முறையால் உடலுக்கு உடனடி ஆபத்து என்றால் நோட்டீஸ் இல்லாமல் வேலையை விடவும் வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14-வது பிரிவு இடம் தருகிறது. இப்போதைக்கு அதைத் தொடாதீர்கள். நீங்களாகவே விட்டுப் போனால், வேலையைத் திரும்பக் கேட்பது கடினம். தோட்டமே நீக்கினால், 60 நாட்களுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் மனு கொடுக்க வேண்டும்.

சரி, நாளை காலை வேலைக்குப் போங்கள். பதில் கடிதத்தைக் கிராணியிடம் கொடுத்து, நகலில் முத்திரை கேளுங்கள். போட மறுத்தால், அன்றே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.