படத்துக்கு வந்த கண்ணீர் அம்மாவுக்கு ஏன் வரவில்லை?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 34 வயது. சென்ற ஆண்டு அம்மா காலமானபோது, "நீ அழுதால் அப்பா தாங்கமாட்டார்" என்று பெரியம்மா சொன்னதால், காரியங்கள் முடியும்வரை வந்தவர்களைக் கவனிப்பதிலும் செலவுக் கணக்கு பார்ப்பதிலுமே இருந்துவிட்டேன்; அதன் பிறகும் அழுகை வரவில்லை. அண்மையில் மகனுடன் 'இன்சைட் அவுட்' என்ற 2015ஆம் ஆண்டு அனிமேஷன் படத்தைப் பார்த்தேன். மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்த ரைலி என்ற சிறுமியிடம், அப்பாவுக்கு வேலை நெருக்கடி இருப்பதால் நாம் இருவரும் சிரித்த முகமாக இருப்போம் என்று அவளுடைய தாய் கேட்டுக்கொள்ளும் இடத்தில் விம்மி அழுதுவிட்டேன். "கார்ட்டூனுக்கா அழுகிறாய்?" என்று கணவர் சிரித்தார், அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். பெற்ற தாய்க்கு வராத கண்ணீர் பொம்மைப் படத்துக்கு வந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்பாவும் நானும் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொள்வதே இல்லை. நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

ரைலியிடம் அவள் தாய் கேட்டதும் உங்களிடம் பெரியம்மா கேட்டதும் ஒன்றுதான். அப்பாவுக்காகக் காத்துவந்த கட்டுப்பாடு திரையில் வந்த சிறுமியின் முன் தேவைப்படவில்லை. ஆகவே, அன்று வந்தது உங்கள் அம்மாவுக்கான கண்ணீர்தான் என்றே நினைக்கிறேன். (அழுதால்தான் துக்கம் என்று கணக்கு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

சாவு வீட்டில் ஒருவராவது நிலைகுலையாமல் இருக்க வேண்டியிருக்கிறது. அன்று நீங்கள் செய்தது சரியே. ஆனால் அந்தப் பொறுப்பிலிருந்து பிறகு உங்களை யாரும் விடுவிக்கவில்லை. சோகமான படத்தைப் பார்க்கும்போது முகத்தில் எதையும் காட்டாமல் அடக்கியவர்களுக்கு உள்ளே சோகம் குறையவில்லை என்றும், இதயமும் இரத்த நாளங்களும் கூடுதலாகவே பாடுபட்டன என்றும் ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் 1997இல் எழுதினார்கள். உங்களுக்கு அதைவிட முக்கியமானது, எமிலி பட்லரும் சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வு: உணர்ச்சியை அடக்கிக்கொண்டு பேசியவருக்கு எதிரே இருந்தவரின் இரத்த அழுத்தமும் உயர்ந்தது. அப்பாவைக் காப்பதாக நினைத்து நீங்கள் கடைப்பிடிக்கும் மௌனம் அவருக்கும் பாரமாக இருக்கக்கூடும்.

அதே படத்தில், தன் வண்டியை இழந்து உட்கார்ந்துவிட்ட ரைலியின் கற்பனைத் தோழன் பிங் பாங்கை, அவள் மனத்துக்குள் மகிழ்ச்சி என்ற உணர்ச்சியின் உருவமாக வரும் ஜாய் என்னென்னவோ வேடிக்கை காட்டித் தேற்றப் பார்த்தும் பயனில்லை. சோகத்தின் உருவமான சேட்னஸ் பக்கத்தில் அமர்ந்து அவன் இழந்ததைப் பற்றிப் பேசிய பிறகே அவன் அழுது முடித்து எழுந்து நடக்கிறான். அப்பாவிடம் நீங்கள் செய்யக்கூடியதும் அதுதான். "கவலைப்படாதீர்கள்" என்று தேற்ற வேண்டாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அம்மா வைக்கும் வத்தக்குழம்பு எனக்கு வரவே மாட்டேன் என்கிறது அப்பா" என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். படத்தில் வருவதுபோல உடனே கட்டியணைத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். நம் அப்பாக்கள் பலர் அப்படி வளர்க்கப்படவில்லை. அவர் மறுபடியும் எழுந்து போனால் பின்னாலேயே போக வேண்டாம். சில நாள் கழித்து அம்மாவைப் பற்றி இன்னொன்றைச் சொல்லுங்கள்.

கணவரிடம், அந்தச் சிரிப்பு உங்களைப் புண்படுத்தியது என்பதை நேராகவே சொல்லிவிடுங்கள். அவருக்கு அது தெரியாமலே இருக்கலாம்.