மூச்சு எண்ணத் தெரிந்தால் போதும்

கேள்வி: செஸ் நன்றாக ஆடும் என் 11 வயது மகள் 'கோ' விளையாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறாள். வீடியோ பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது? பலகை வாங்க வேண்டுமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: 19க்கு 19 கோடு, 361 புள்ளி. தலை சுற்றாமல் என்ன செய்யும்? அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு சார்ட் பேப்பரில் குறுக்கே 9 கோடு, நெடுக்கே 9 கோடு போடுங்கள். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்கு மொச்சை. நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

செஸ் பழகிய கை கட்டத்துக்குள் காயை வைக்கத்தான் போகும். ஆடுபுலி ஆட்டம் மாதிரி, கோடுகள் சந்திக்கும் புள்ளியில் வைக்கச் சொல்லுங்கள். ஆனால் இங்கே வைத்த காய் நகராது. முதலில் கறுப்பு, அப்புறம் மாறி மாறி.

மற்றதெல்லாம் மூச்சுக் கணக்கு. காயை ஒட்டி, கோட்டு வழியே உள்ள ஒவ்வொரு காலிப் புள்ளியும் ஒரு மூச்சு. சீனத்திலும் இதை 'சி' என்கிறார்கள். காற்று, மூச்சு என்று பொருள். நடுவில் இருக்கும் காய்க்கு 4, ஓரத்தில் 3, மூலையில் 2. ஒரே நிறக் காய்கள் கோட்டு வழியே ஒட்டி நின்றால் மூச்சும் பொது. கடைசி மூச்சை எதிராளி அடைத்தால் மொத்தக் கூட்டமும் வெளியே.

என் முதல் ஆட்டத்தில், ஒரே மூச்சோடு நின்ற ஒற்றை மொச்சையைக் காப்பாற்றப் பக்கத்தில் இன்னொன்று வைத்தேன். மூச்சு இரண்டானது. நண்பர் ஒன்றை அடைத்தார். மறுபடி வைத்தேன், மறுபடி அடைத்தார். படிக்கட்டு மாதிரிச் சாய்வாக ஓடி ஓரத்தில் முட்டியபோது, ஒன்றோடு போயிருக்க வேண்டியது ஒன்பதாகப் போனது. இதற்கு 'ஏணி' என்றே பெயராம். முன்னாலேயே சொல்லியிருக்கலாம், பாவி மனிதர்!

ஒரு கூட்டத்துக்குள் தனித்தனியாக இரண்டு காலிப் புள்ளி இருந்தால் அதைப் பிடிக்கவே முடியாது. ஒன்றுக்குள் நுழையும் எதிராளியின் காய்க்கே மூச்சு இருக்காது; ஒரே முறையில் இரண்டையும் அடைக்கவும் முடியாதே! இவற்றைக் 'கண்' என்பார்கள்.

யார் அதிக இடத்தை வளைத்தார் என்பதுதான் உண்மையான வெற்றிக் கணக்கு. முதல் வாரம் அது வேண்டாம். முதல் காயைப் பிடித்தவர் ஜெயித்தார், அவ்வளவுதான். மூச்சு எண்ணுவது கைக்கு வந்ததும் பலகை வாங்கலாம். அதுவரை மொச்சையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது குழம்புக்குப் போய்விட்டது.