கரிச்சானுக்குத் தினை எதற்கு?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில், தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் வீடு. விடியுமுன் முருங்கை உச்சியில் ஒரு கறுப்பு வெள்ளைக் குருவி அருமையாகப் பாடுகிறது. கடைக்காரர் சொன்னபடி கூடுப் பெட்டியும் தினைத் தட்டும் வாங்கி மாட்டினோம். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன குறை?

பதில்: குறை உங்களிடம் இல்லை, விற்றவரிடம். அது குண்டுக்கரிச்சானாக இருக்க வேண்டும். வண்ணாத்திக்குருவி என்றும் சொல்வார்கள். தலையும் மார்பும் மினுங்கும் கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை. பெட்டைக்குக் கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம். பூச்சி தின்னும் பறவை இது, தினையைச் சீண்டாது.

வாய்க்கால் ஓரம் என்பதால் ஒரு சந்தேகம். வெண்புருவ வாலாட்டியும் கறுப்பு வெள்ளைதான், அதுவும் நன்றாகப் பாடும். கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு இருந்தால் வாலாட்டி. கோடு தெரியாத தூரமென்றால் நடையைப் பாருங்கள். வாலாட்டி மொட்டைமாடியில் குடுகுடுவென ஓடும். நின்றாலும் வால் மேலும் கீழும் ஆடும். கரிச்சான் வாலைத் தூக்கிக்கொண்டு தத்தும். வாலாட்டிதான் என்றால் பெட்டியை மறந்துவிடுங்கள்.

கரிச்சான் வர வேண்டுமானால் முருங்கையடிச் சருகைக் கூட்டாதீர்கள். சருகைப் புரட்டும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், ஒரே கொத்து. கம்பளிப்புழுவுக்கு மருந்தடித்தால் அந்த இரையும் சேர்ந்து சாகும். அகலமான மண்தட்டில் விரலாழத் தண்ணீர் வையுங்கள். நீங்கள் மாட்டியது சிட்டுக்குருவிப் பெட்டி, துளை போதாது. மரப்பொந்தையும் சுவர் ஓட்டையையும் தேடும் இந்தப் பறவைக்கு இரண்டு அங்குலத்துக்குக் குறையாத வாசல் வேண்டும்.

மார்ச் 20 சிட்டுக்குருவி நாளில் மேடை போட்டுப் பெட்டி கொடுக்கிறார்கள். மறுவாரமே தெருச் சருகைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். அலுவலகத்தில் போய்க் கேட்டால் அடுத்த மேசையைக் கைகாட்டுவார்கள்.

இதற்கிடையில், 'கரிச்சானை ஜோடியாகத் தருகிறேன், தோட்டத்தில் விட்டால் தங்கிவிடும்' என்று கூண்டோடு வரும் தரகர்கள் வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். மாட்டினால் தரகர் நழுவிவிடுவார், கூண்டோடு நிற்பது நீங்கள்தான். கைபேசியில் அதன் பாட்டை ஒலிக்கவிட்டு அழைக்கும் வித்தையும் வேண்டாம். வேறொரு ஆண் தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதென்று எண்ணி, குஞ்சுக்கு இரை தேடும் நேரத்தில் சண்டைக்கு ஆள் தேடி அலையும்.