தம்பியின் கணக்குக்கு மாற்றினால் போதுமா?

லண்டன் வாசகி ஒருவரின் கேள்வி: கணவருக்கு வேலை போய்விட்டது. வங்கியில் இருவருக்கும் சேர்த்து 9,400 பவுண்ட்ஸ் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் என் பெயரில் ஒரு வீடு. 72 வயது அம்மா அதில் இருக்கிறார். கொஞ்சம் நகையும் உண்டு. யூனிவேர்சல் கிரெடிட்டுக்கு (வருமானம் குறைந்தோருக்குப் பிரித்தானிய அரசு தரும் உதவித்தொகை) விண்ணப்பிக்கும் முன் 4,000 பவுண்ட்ஸைத் தம்பியின் கணக்கில் போட்டுவிடலாமா?

வேண்டாம். உதவித்தொகைக்காகவே பணத்தைக் கைமாற்றியதாகத் தெரிந்தால், அது இன்னும் உங்களிடமே இருப்பதாக வைத்துத்தான் கணக்குப் பார்ப்பார்கள். உண்மையாகவே தம்பியிடம் பட்ட கடன் என்றால் அடைக்கலாம். ஆனால் கடன் வாங்கியதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும். சும்மா 'கைமாத்து' என்று சொன்னால் எடுபடாது.

அப்படி மறைக்கிற அளவுக்கு இழப்பும் பெரிதில்லை. சேமிப்பு 6,000 வரை பிரச்சினையே இல்லை. 16,000-ஐத் தாண்டினால்தான் ஒன்றும் கிடைக்காது. இடையில் இருந்தால், 6,000-க்கு மேலுள்ள ஒவ்வொரு 250-க்கும் மாதம் 4.35 பவுண்ட்ஸ் வருமானம் வருவதாக வைத்துக் கழிப்பார்கள். மிச்சமாக 1 பவுண்ட் நின்றாலும் அதுவும் ஒரு முழு 250தான். உங்களுக்கு மேலதிகம் 3,400. அதாவது 14 பங்கு, மாதம் 60.90 பவுண்ட்ஸ் குறையும். பணம் யார் பெயரில் இருந்தாலும் தம்பதிக்கு ஒரே கணக்குதான்.

உண்மையில் நீங்கள் யோசிக்க வேண்டியது அந்த வீட்டைப் பற்றி. வெளிநாட்டுச் சொத்து என்பதால் சொல்லத் தேவையில்லை என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். தவறு. யாழ்ப்பாணக் காணியும் வீடும் அங்குள்ள சந்தை விலைக்குச் சேமிப்பாகவே கணக்கில் வரும். விற்கும் செலவுக்கென 10 சதவீதமும், ஈட்டுக்கடன் இருந்தால் அதுவும் மட்டும் கழியும். ஆனால் உங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஓய்வூதிய வயதைக் கடந்த பெற்றோர் அதைத் தம் வீடாகக் கொண்டு வாழ்ந்தால் அதன் மதிப்பைச் சேர்க்க மாட்டார்கள். அம்மா அங்கிருந்து வேறிடம் போய்விட்டால் நிலைமை மாறும். அதை உடனே அறிவிக்க வேண்டும்.

நகை தனிப்பட்ட உடைமை, அதைச் சேமிப்பாகப் பார்ப்பதில்லை. அதற்காக இப்போது போய் 4,000-க்கு நகை வாங்கிவிடாதீர்கள். அதுவும் தம்பி கணக்கு மாதிரித்தான்.

சரி, விண்ணப்பத்தில் வீட்டையும் குறிப்பிடுங்கள். அம்மாவின் வயதுக்கும் அவர் அங்கே வசிப்பதற்கும் ஆதாரம் எடுத்து வையுங்கள். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் கேட்டு வாங்கினால் நல்லது.