வெட்டின் குலத்தின் செங்கோலும் ஆயர்கோலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வெட்டின் குலத்தின் முதல் பெரிய ஆட்சியாளர் துறவு மடத்தில் இறந்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஜெர்மனியில் சாலே ஆற்றங்கரையிலுள்ள வெட்டின் கோட்டையால் பெயர் பெற்ற இக்குலத்தில், மைசன் எல்லைப்புறத்தின் ஆட்சியைப் பிடித்து நிலைநிறுத்தியவர் கொன்ராட். அவர் 1156ஆம் ஆண்டில் தம் நிலங்களை ஐந்து மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஹாலே நகரை அடுத்த பீட்டர்ஸ்பெர்க் மடத்தில் சேர்ந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் அங்கேயே காலமானார். துறவைவிட அந்தப் பாகப்பிரிவினைதான் வரலாற்றில் அதிகம் பேசப்பட்டது. தலைமுறைதோறும் நாடு துண்டாகிக்கொண்டே போன இக்குலத்துக்கு, நிலத்தை வெட்டாமல் இளைய மகனுக்குக் கொடுக்கக்கூடிய பங்காகத் திருச்சபைப் பதவி அமைந்தது.

கேள்வி: நௌம்பர்க் பேராலயத்தில் சிலையாக நிற்கும் ஊட்டா சீமாட்டி வெட்டின் குலத்தவரா?

அல்லர். மேலங்கியின் கழுத்துப்பட்டையைக் கன்னம்வரை உயர்த்திப் பிடித்தபடி நிற்கும் ஊட்டாவும், அருகிலுள்ள கணவர் எக்கெஹார்டும் 11ஆம் நூற்றாண்டினர். எக்கெஹார்டுடன் அவர் குலம் 1046இல் வாரிசின்றி முடிந்தது. சிலைகள் எழுந்ததோ இருநூறு ஆண்டுகளுக்குப் பின். அப்போதைய ஆயர் டீட்ரிக் வெட்டின் குலத்தவர். மைசன் அதிபதி ஹைன்ரிகுக்குத் தந்தை வழியில் மட்டும் சகோதரர், திருமண உறவுக்கு வெளியே பிறந்தவர். கட்டடப் பணிக்குக் கொடை வேண்டி 1249இல் விடுத்த மடலில், ஊட்டா, எக்கெஹார்டு உள்ளிட்ட பழைய கொடையாளர்களின் பெயர்களை அவர் முன்மாதிரியாக எடுத்துக்காட்டினார்.

கேள்வி: பதினொரு வயதுச் சிறுவன் பேராயராவது எப்படி?

தந்தையின் செல்வாக்கும் போப்பாண்டவரின் விதிவிலக்கும் சேர்ந்தால் ஆகலாம். வெட்டின் குலத்தவரான சாக்சனி அதிபதி எர்ன்ஸ்ட், தம் பெயரையே கொண்ட மகனை 1476இல் மாக்டபுர்க் பேராயர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கச் செய்தார். அன்றைய திருச்சபைச் சட்டப்படி ஆயருக்கு முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால், பையன் முதலில் நிருவாகியாகவே இருந்தான். முறைப்படி ஆயராக்கும் சடங்கான திருநிலைப்பாடு 1489இல்தான் நடந்தது. 1480இல் ஹால்பெர்ஷ்டட் மறைமாவட்டமும் அவன் கைக்கு வந்தது.

இதற்கிடையில், ஹாலேயின் உப்பளப் பங்குதாரர்களுக்கும் கைவினைஞர் சங்கங்களுக்கும் இடையே மூண்ட பகையைப் பயன்படுத்தி, பேராயர் தரப்பு 1478இல் அந்நகரின் தன்னாட்சியை முறித்தது; நகரை அடக்கிவைக்க மோரிட்ஸ்புர்க் கோட்டைக்கு 1484இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தம்பி அடால்பெர்ட் 1482இல் மைன்ஸ் பேராயர் பதவியின் நிருவாகியானார். ஜெர்மானிய அரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவருள் சாக்சனி அதிபதியும் மைன்ஸ் பேராயரும் அடக்கம் என்பதை எண்ணினால், தந்தையின் கணக்கு விளங்கும். அடால்பெர்ட் 1484இல் பதினேழு வயது நிரம்பும் முன்பே இறந்ததால் அக்கணக்கு பலிக்கவில்லை.

எர்ன்ஸ்ட் 1513இல் மறைந்தபோது, மாக்டபுர்க் போட்டிக் குலமான ஹோஹென்சொல்லெர்னைச் சேர்ந்த ஆல்பிரெக்டிடம் போயிற்று. அவர் மறு ஆண்டே மைன்ஸையும் பெறுவதற்காகப் பட்ட கடனை அடைக்கவே, பாவத் தண்டனையைக் குறைப்பதாகச் சொல்லப்பட்ட பாவப்பரிகாரச் சீட்டு விற்பனையின் ஒரு பகுதி பயன்பட்டது. அவ்விற்பனையை எதிர்த்த சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரைக் காத்தவர், மறைந்த பேராயரின் அண்ணன் ஃபிரெடரிக். அவருடைய ஆதரவில் சமயப் பற்றுக்கு எவ்வளவு பங்கோ, குலப் பகைக்கும் ஓரளவு பங்கு உண்டு என்றே கருதுகிறேன்.

கேள்வி: 'கடிபட்ட ஃபிரெடரிக்' என்ற பெயர் ஏன்?

பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் மகள் மார்கரெத்தா, 1270இல் கணவரைப் பிரிந்து வார்ட்புர்க் கோட்டையிலிருந்து தப்பியபோது, பிரிவுத் துயரில் மகன் ஃபிரெடரிக்கின் கன்னத்தைக் கடித்தாள் என்பது பிற்காலக் கதை. தப்பியோட்டம் உண்மை, கடியை நம்பத் தேவையில்லை. அந்த மகன்தான் 1307இல் லுக்கா போரில் அரசர் ஆல்பிரெக்டின் படையை முறியடித்து, குலத்தின் நிலத்தை மீட்டவர்.