வீட்டில் செய்யும் சர்க்யூட் போர்டு: கேள்வி பதில்

கேள்வி: பளபளப்பான தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் செம்புப் போர்டில் ஒட்டுகிறேன். செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலிலிருந்து எடுத்தால் ட்ராக்குகள் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகள்) ஆங்காங்கே அறுந்திருக்கின்றன. கரைசல் சரியில்லையா? (ஈரோடு வாசகர்)

பதில்: கரைசலின் மேல் பழி போடும் முன் அறுந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் ட்ராக் மொத்தமாகக் காணாமல் போயிருந்தால், அங்கே செம்பை மூடிக் காக்கும் டோனர் (லேசர் பிரிண்டரின் மைத்தூள்) ஒட்டவே இல்லை. விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்திருக்கும், அல்லது சூடு எட்டியிருக்காது. அகலமான செம்பில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் டோனர் படலம் மெலிசு. பிரிண்டரில் டோனர் சேமிப்பை அணைத்து, கருமையைக் கூட்டுங்கள். எல்லா ட்ராக்கும் ஒரே சீராக இளைத்திருந்தால் மட்டும் கரைசலில் அதிக நேரம் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். கரைசல் டோனருக்கு அடியிலும் பக்கவாட்டில் செம்பை அரித்துக்கொண்டே போகும்.

பெரும்பாலான போர்டுகள் கெடுவது சுத்தம் செய்யும் இடத்தில்தான். 600 நம்பர் வாட்டர் பேப்பரால் ஈரத்தோடு தேய்த்து, செம்பின் மேல் தண்ணீர் விடுங்கள். முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. படலமாகப் பரவினால் தயார். காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். இஸ்திரிப் பெட்டியை நீராவி இல்லாமல் காட்டன் சூட்டில் வைத்து, இழுக்காமல் 3 நிமிடம் அழுத்துங்கள். இழுத்தால் டோனர் ஈஷிக்கொள்ளும். ஆறியதும் வெந்நீரில் ஊறவிட்டு, தாளை உரிக்காமல் கட்டை விரலால் தேய்த்தெடுங்கள். நெருக்கமான இரண்டு ட்ராக்குக்கு நடுவே தாள் நார் தங்கினால் அந்த இடத்துச் செம்பு கரையாது. பழைய டூத் பிரஷ் போதும். விட்டுப்போன இடத்தில் பெர்மனென்ட் மார்க்கரால் தொட்டுவிடலாம். வடிவமைக்கும்போது ட்ராக் 0.8 மி.மீ., இடைவெளி 0.5 மி.மீ. என்று வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

கேள்வி: ஐ.சி. (சிப்) கால் வரிசை இடம் வலமாக மாறிவிட்டது. போர்டைத் தூக்கிப் போடுவதா? (மதுரை வாசகி)

பதில்: வேண்டாம். ஐ.சி.யைச் செம்புப் பக்கமாகவே வைத்து, உடலைச் சற்றுத் தூக்கி, ஈயத்தால் பற்றவைத்தால் (சால்டர் செய்தால்) வரிசை சரியாகிவிடும். தாளைக் கவிழ்த்து ஒட்டும்போதே படம் ஒரு முறை புரண்டுவிடுகிறது. போர்டு வடிவமைக்கும் மென்பொருளான கிகாட் (KiCad) அடிப்பக்கச் செம்பை மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோல் காட்டுவதால், அதை மிரர் செய்யாமல் (இடம் வலமாகப் புரட்டாமல்) அச்சிடுங்கள். மேல்பக்கச் செம்புக்குத்தான் மிரர். அளவு 100 சதவீதமாக இருக்கட்டும். ஐ.சி.யை அச்சிட்ட தாளின் மேலேயே வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பழைய ஃபெரிக் குளோரைடைச் சாக்கடையில் ஊற்றலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கூடவே கூடாது. அதில் கரைந்திருக்கும் செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. உலோகக் குழாயையும் அரிக்கும். வேலை செய்யும்வரை பிளாஸ்டிக் கேனில் வைத்து மறுபடி பயன்படுத்துங்கள். ஓய்ந்துபோனதும் அகலமான பிளாஸ்டிக் பக்கெட்டில், காற்றோட்டமான இடத்தில், வாஷிங் சோடாவைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். மொத்தமாகக் கொட்டினால் பொங்கி வழியும். நுரை அடங்கி, அடியில் சேறு படிந்ததும் அதை உலர்த்தி மூடி வைத்து, அபாயகரமான வீட்டுக் கழிவாக உள்ளாட்சியிடம் தனியே கொடுங்கள்.