தங்கை சாகத்தான் வேண்டுமா?

கேள்வி: கரூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் ஜி.எஸ்.டி. கணக்கு, இரவில் எழுத்து. ஒரே மனசின் இரண்டு பாதிகளாக ஒரு அக்காவையும் தங்கையையும் வைத்து நாவல் தொடங்கினேன். அக்கா எதையும் அளந்து செய்பவள், தங்கை மனம் போன போக்கில் போகிறவள். தங்கை இறந்து அக்கா முழுமை அடைவதாக முடிக்க நினைத்தேன். பல மாதமாக அந்த அத்தியாயம் நகரவில்லை. எனக்குள்ளும் இதே சண்டைதான். ஒருத்தியை விட்டொழித்தால்தான் நிம்மதி கிடைக்குமா?
– வாசகி, கரூர்

பதில்: அன்புச் சகோதரி, தங்கையைக் கொல்லாதீர்கள். அந்த அத்தியாயம் நகராததே நல்ல அறிகுறி. அவள் போய்விட்டால் அக்கா முழுமை அடைய மாட்டாள், மிஞ்சியிருப்பாள், அவ்வளவுதான். அது உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது.

ஜெர்மன் மொழி எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1927-இல் வெளியிட்ட ‘ஸ்டெப்பன்வோல்ஃப்’ நாவலை நீங்கள் அவசியம் வாசிக்க வேண்டும். அதன் நாயகன் ஹாரி ஹாலர், ஐம்பதை நெருங்குகிறவர். தனக்குள் ஒரு மனிதனும் ஒரு ஓநாயும் இருப்பதாக நம்புகிறார். மனிதன் ஒரு நல்ல காரியம் செய்தால் ஓநாய் பல்லைக் காட்டிச் சிரிக்கும். ஓநாய் எழுந்தால் மனிதன் கூசிப்போவான். இந்த வேதனையில் இருப்பவர் கையில் ஒரு சிறு பிரசுரம் கிடைக்கிறது. அவரைப் பற்றியே எழுதப்பட்டது போன்ற பிரசுரம். மனிதன், ஓநாய் என்று இரண்டாகப் பிரித்ததே தப்புக் கணக்கு, எவருக்குள்ளும் இரண்டு பேர் மட்டும் இல்லை, நூறு பேர், ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்கிறது அது. என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர் அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

கடைசியில் ஹாரியும் நீங்கள் திட்டமிட்டதையே செய்கிறார். தன் கண்ணாடி போல வந்து, ஆடவும் சிரிக்கவும் கற்றுக்கொடுத்த ஹெர்மினே என்ற பெண்ணை, கனவு போன்ற ஒரு மாய அரங்கில் கத்தியால் குத்திவிடுகிறார். முழுமை வரவில்லை. அங்கே கூடும் தீர்ப்பாயம் அவரை வாழும்படி தண்டித்து, எல்லோருமாகச் சேர்ந்து அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. வாழ்க்கை என்ற விளையாட்டை இன்னும் நன்றாக விளையாட வேண்டும், சிரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நினைப்போடுதான் ஹாரி நம்மிடமிருந்து விடைபெறுகிறார்.

அப்படியானால் மனம் ஒன்று என்பது? அதற்கு ஹெஸ்ஸேயின் இன்னொரு நாவலான ‘சித்தார்த்தா’வுக்குப் போக வேண்டும். திருலோக சீதாராம் தமிழில் தந்த நாவல் அது. ஆற்றில் ஆயிரம் குரல்கள் கேட்கின்றன, அழுகையும் சிரிப்பும் கலந்து. அவற்றில் எதையும் தனியாகப் பிடித்துக்கொள்ளாமல் நாயகன் சித்தார்த்தன் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும்போது அவை ‘ஓம்’ என்ற ஒரே சொல்லாகின்றன. ஒரு குரலும் அடங்கவில்லை என்பதை கவனியுங்கள். இந்த இடத்தை எழுத ஹெஸ்ஸே பட்ட பாடு கொஞ்சமல்ல. 1919 கடைசியில் தொடங்கியவர் 1920-இல் நடுவழியில் நின்றுவிட்டார், ஒரு வருஷத்துக்கு மேல் எழுத முடியவில்லை. தேடுகிறவனின் வேதனை அவருக்குத் தெரியும், கண்டடைந்தவனின் அமைதி அப்போது தெரியாது. 1922-இல்தான் நாவல் முடிந்தது. ஆகவே உங்கள் தாமதத்துக்காக வெட்கப்படாதீர்கள்.

கதைக்கு என் யோசனை: இருவரையும் பாதிகளாக வைக்காதீர்கள். ஒரு ராத்திரி தங்கையை அப்பாவின் கடன் நோட்டோடு உட்கார வையுங்கள், பைசா பிசகாமல் அவள் கூட்டட்டும். அக்கா ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போகட்டும். அடுத்தவள் செய்வாள் என்று நினைத்ததைத் தானே செய்யும்போது ஒவ்வொருத்தியும் என்ன ஆகிறாள் என்று பாருங்கள். முடிவு அங்கேதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

வேலையை விடுவதா, எழுத்தை விடுவதா என்பதுதான் உங்கள் கேள்வியின் அடியில் இருக்கிறது. இரண்டையும் இப்போதைக்கு விட வேண்டாம். நாள் முழுக்கக் கணக்கில் பிசகைத் தேடுகிற அதே கண்தான் ராத்திரி ஒரு பொய்யான வரியையும் பிடிக்கிறது. உங்கள் கதை நின்ற இடமே சாட்சி.

ஆனால் இந்தச் சண்டை தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிற அளவுக்குப் போனால் தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். 1916-இல் அப்பாவின் மரணம், மகனின் நோய், மனைவியின் மனநோய் எல்லாம் சேர்ந்து நெருக்கியபோது ஹெஸ்ஸேவும் சுவிட்சர்லாந்தின் லுட்சேர்ன் நகரில் ஜோசப் லாங் என்ற மருத்துவரிடம் போனார். நான் மேலே சொன்ன இரண்டு நாவல்களும் அதற்குப் பிறகு எழுதியவை.